தேநீருக்கு நாலு பவுண்டு

அன்பு மகள் டாம்சினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். இங்கே வெயில் காயும்போது உனக்கு அங்கே ஹோபார்ட்டில் குளிர் நடுக்குமே, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான். அவரைக்கொடிக்குக் குச்சி நட்டாயிற்று. பூனை தபால்காரரைப் பிறாண்டிவிட்டது, அவர் இப்போது கடிதங்களை வேலிக்கு அப்பால் நின்று எறிகிறார். போன மாதம் போனில் நீ சொன்னாயே, வெரோனிகா வீட்டுத் தோட்டத் திருநாள் விஷயத்தில் தலையிடாதே, ஊர் வம்பை விலைக்கு வாங்காதே என்று. வாங்கிவிட்டேன் கண்ணு. வாங்கியதற்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, ஏன் என்று கேட்டுக்கொள்.

பக்கத்து வீட்டு நோரீனை உனக்குத் தெரியும், அவள் புருஷன் கிளைவ் நிலைமைதான் உனக்கு முழுதாகத் தெரியாது. நாற்பது வருஷம் மாடு பார்த்த மனுஷன், இப்போது எல்லாம் மறந்துபோய், மாடு மட்டும் மறக்கவில்லை. ராத்திரி எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு பால் கறக்கப் போகணும் என்று வாசல் கதவைத் திறக்கிறார். பிப்ரவரியில் ஒருமுறை பனியில் ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டார். அன்றிலிருந்து நோரீன் கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். படுத்துத் தூங்குவது திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும், அந்த இரண்டு ராத்திரியும் அறக்கட்டளை நர்ஸ் வந்து கிளைவைப் பார்த்துக்கொள்கிறாள். வெரோனிகா தன் தோட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட, நாம் டீ விற்றுச் சேர்க்கும் திருநாள் காசு போகிறதே, அதே அறக்கட்டளைதான். மே மாதம் அந்த நர்ஸ் நோரீனிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள், பணம் பற்றவில்லை, செப்டம்பரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் வியாழக்கிழமை ராத்திரிகளை நிறுத்தப் போகிறார்கள் என்று. நோரீன் என்னிடம் துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக, பக்கத்து ஊரில் மழை பெய்ததாம் என்பது போல அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாத ஹிலரி, ஊர்ல எல்லாரும் நம்மளப் பாத்துப் பாவம்னு தலைய ஆட்டுவாங்க, எனக்கு அது ஆகாது" என்றாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவளுடைய வியாழக்கிழமையை விட்டுவிட மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன். உன்னிடம் சொல்வது உன்னோடு இருக்கட்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன். டீயும் கேக்கும் இரண்டு பவுண்டு என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்த விலை. மாவும் வெண்ணெயும் முட்டையும் எங்கெங்கோ ஏறிவிட்டன, கேக் சுடுகிறவர்கள் அதைத் தங்கள் கைக்காசில் வாங்கிவிட்டு வாயே திறப்பதில்லை, விலை மட்டும் அப்படியே இருக்கிறது. வெரோனிகா வீட்டுக் கண்ணாடி அறையில் நாங்கள் நாலு பேர் கூடினோம், வெரோனிகா, ஜாம் கேக் சுடும் மேவிஸ், மனைவி போன பிறகு கேக் சுடக் கற்றுக்கொண்ட டெரிக், நான். இந்த வருஷம் நாலு பவுண்டு வைப்போம் என்றேன். வெரோனிகா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ரோஜாவப் பாக்க வர்றவங்ககிட்ட வழிப்பறி பண்ற மாதிரி இருக்காதா?" என்றாள். மேவிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கேக்குக்கு நாலு பவுண்டா? சாப்பிட்டுட்டு என் மூஞ்சியப் பாப்பாங்களே, நான் எங்க போய் ஒளியுறது?" என்கிறாள். டெரிக் தன் பங்குக்கு, ஓரம் கருகியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்பார்களே என்று கவலைப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டவுன்ல பிளாஸ்டிக்ல சுத்தி வெச்ச கேக்குக்கு இதவிட ஜாஸ்தி குடுத்துட்டு, தேங்க்யூவும் சொல்லிட்டு வர்றோம். அசல் வெண்ணெய் போட்டு நீங்க சுட்டதுக்கு நாலு பவுண்டு கேட்டா வழிப்பறியா?" என்று கேட்டேன். அப்புறம் வெரோனிகா, விலையே வேண்டாம், ஒரு பெட்டி வைத்துவிடலாம், அவரவர் மனசுக்குத் தோன்றியதைப் போடட்டும் என்றாள். நம் ஆட்களை எனக்குத் தெரியாதா? பெட்டியைக் கண்டால் பாதிப் பேர் சில்லறையைச் சத்தம் வராமல் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் எவ்வளவு போடுவது என்று தெரியாத பயத்தில் டீயே குடிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். தேவாலயத்து ஹாலில் ஒருமுறை பெட்டி வைத்தோம், அதில் ஒரு சட்டைப் பித்தானும் விழுந்திருந்தது.

நோரீன் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். கடைசியில் வெரோனிகா, "உங்க யோசனை ரொம்ப சுவாரசியமா இருக்கு ஹிலரி" என்றாள். இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும், இத்தோடு வாயை மூடு என்று பொருள். நான் ஒன்றும் தெரியாதவள் போல, "அப்ப சரி, விலைப் பலகைய நானே எழுதிட்டு வந்துடறேன்" என்று பலகையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் ஓடிவந்து தடுக்க அவர்களுடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கொட்டகைக் கதவுக்கு வாங்கிய பெயின்டால் எழுதினேன், சாக்பீஸில் எழுதினால் யாராவது அழித்துவிடுவார்கள். அப்பா வந்து பார்த்துவிட்டு, "நாலுன்னு இவ்ளோ பெருசா எழுதணுமா? ஆத்துக்கு அக்கரையில இருந்தே தெரியுதே" என்றார். தெரியட்டும் என்றேன்.

திருநாளன்று நல்ல வெயில். மழை வரும் என்று நம்பிக் குடை கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். கூட்டம் வந்தது, பலகையைப் பார்த்தது, பர்ஸைத் திறந்தது, அவ்வளவுதான். யாரும் ஒரு முணுமுணுப்பு முணுமுணுக்கவில்லை. வெரோனிகாதான் வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும், "மன்னிச்சுக்கோங்க, இந்த வருஷம் விலை கொஞ்சம் கூட, நான் சொல்லல" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அம்மாள் பாவப்பட்டு அவளுக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் கெண்டியும் கையுமாக நின்றதால் கேக் மேஜைப் பக்கம் போகவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தால் மேஜையில் தட்டுகளும் துணுக்குகளும்தான் இருக்கின்றன. சாயங்காலம் வரைக்கும் வரவேண்டிய கேக். என்னவென்று பார்த்தால், நாலு பவுண்டு வாங்குகிறோமே என்கிற வெட்கத்தில் மேவிஸும் டெரிக்கும் பன்னிரண்டாக வெட்ட வேண்டிய கேக்கை ஐந்தாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புல்வெளி முழுக்க ஜனங்கள் தின்ன முடியாமல் பாதித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "மேவிஸ், இது கேக்கா, செங்கல்லா?" என்றேன். "கத்திய வெச்சா கை தானா விலகிப் போகுது ஹிலரி, மெல்லிசா வெட்டிக் குடுத்துட்டு நாலு பவுண்டு வாங்க எனக்கு மனசு வரல" என்று கண் கலங்குகிறாள். அவளை என்ன செய்வது சொல்லு. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தோட்டக் கழகத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், எல்லோரும் தொப்பி போட்டவர்கள், எல்லோரும் பசியோடு.

வெரோனிகா நிம்மதியாக மூச்சுவிட்டு, கேக்தான் இல்லையே, டீயை மட்டும் ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். நான் முடியாது என்றேன். டெரிக்கை அனுப்பித் தெருவில் எந்த வீட்டில் ரொட்டி இருந்தாலும் வாங்கிவரச் சொன்னேன். வெரோனிகாவின் கண்ணாடிக் கொட்டகையில் ஆகஸ்ட் கண்காட்சிக்கென்று வைத்திருந்த வெள்ளரிக்காய்கள் தொங்கின, போய்ப் பறித்துக்கொண்டு வந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஹிலரி, அது பரிசுக்கு வெச்சிருக்கறது" என்றாள். "இதுவும் பரிசுதான்" என்று சொல்லிவிட்டுத் தோலைச் சீவினேன். வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் அடுக்கி, ஓரம் நறுக்கி, தட்டில் வைத்தோம். சாண்ட்விச்சுக்கும் நாலு பவுண்டா என்று மேவிஸ் ரகசியமாகக் கேட்டாள். சாண்ட்விச்சுக்கும் நாலுதான். வெட்டும் கத்தியை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. தொப்பிக்காரர்கள் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள்.

நாலு மணி இருக்கும், நோரீன் வந்தாள். அப்பா கிளைவோடு உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறேன் என்று சொல்லி அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியிருக்கிறார். தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது சில்லறையாக எண்ணி நாலு பவுண்டை நீட்டினாள். டாம்சின், அந்தக் காசை நான் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அவளும் என்னை மன்னித்திருக்க மாட்டாள். அவளுடைய தூக்கத்துக்கு அவளிடமே காசு வாங்கி டப்பாவில் போட்டேன், போடும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கெண்டி ஆவி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "விலை ஏத்தியாச்சு போல" என்றாள். "ஆமா" என்றேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு பேரி மரத்தடிக்குப் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்புறம் நான் பாத்திரம் கழுவுவதில் இறங்கிவிட்டேன். ஐந்தடிக்கப் போகும் நேரம். வெரோனிகா எப்போதும் ஐந்துக்குக் கதவைச் சாத்துவதில் கறார், கையில் ஒரு பித்தளை மணியை எடுத்துக்கொண்டு பாதை பாதையாக அடித்துக்கொண்டே போய்க் கூட்டத்தை வெளியே ஓட்டுவாள். மணிச் சத்தம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். பேரி மரத்தடியில் நோரீன் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, உதட்டுச் சாயம் கலைந்து, குழந்தை தூங்குகிற மாதிரித் தூக்கம். மடியில் கோப்பை சரிந்துகொண்டிருந்தது. வெரோனிகா அவள் முன்னால் நின்றிருந்தாள், ஒரு கையை மணிக்குள் விட்டு அதன் நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. குனிந்து மெதுவாகக் கோப்பையை எடுத்தாள். நான் கிட்டே போனேன். அவள் நோரீனின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துக்கொண்டே, "எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேனே. அவளும் மறுபடி கேட்கவில்லை. முட்டாள் இல்லை வெரோனிகா, வெட்கம்தான் ஜாஸ்தி.

என் மேஜையிலிருந்து காசு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கையில் சத்தம் போடாத மணி, ஒரு கையில் டப்பா. புல்வெளியில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், காதோடு காதாக, "தோட்டம் மூடற நேரம், மரத்தடியில ஒருத்தங்க தூங்கறாங்க, பாத்து நடங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவை அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஆயுசில் யாரிடமும் ஒரு பென்னி கேட்டறியாதவள், காது மடல் வரைக்கும் சிவந்துபோய், நீட்டின கையை மட்டும் மடக்காமல் நின்றாள். "ஏற்கெனவே குடுத்தாச்சே" என்று ஒரு தொப்பிக்காரர் சொன்னார். "தெரியும், இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றாள் வெரோனிகா. கொடுத்தார். அத்தனை பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சரளைப் பாதையை விட்டுப் புல் மேல் நடந்து வெளியே போனார்கள். நோரீன் ஏழு மணி வரைக்கும் தூங்கினாள், நாங்கள் நாலு பேரும் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடாமல் ஏறக்கட்டிவிட்டு, பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்திருந்தோம்.

நேற்று அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது, அடுத்த ஈஸ்டர் வரைக்கும் வியாழக்கிழமை நிற்காது. அதற்கு அப்புறமும் நிற்காது, அதற்கு நான் இருக்கிறேன்.

நீ கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே. கடவுள் உன் கூடவே இருந்து ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ நினைத்தது நடக்கட்டும் கண்ணு. ஒன்று மறக்காதே, நோரீனுக்கு ஒரு கார்டு போடு. அங்கே இருக்கும் குளிரைப் பற்றி எழுது, கடலைப் பற்றி எழுது, தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதிவிடாதே. மணி பார்க்கத் தெரியாதவள் இல்லை, ஆனாலும் அவளைப் பொறுத்தவரை அன்றைக்கு ஐந்து நிமிஷம் கண் அசந்தாள், அவ்வளவுதான். எழுப்பியிருக்கலாமே என்று கேட்டாள். இப்பதான் கண்ண மூடின, அதுக்குள்ள எழுப்புவாங்களா என்று வெரோனிகா சொல்லிவிட்டாள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
(அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார்)