எட்டாவது தடவைக்குப் பிறகு

தென்காசி
14.6.2025

லோகாவுக்கு,

நான் நலம். உன்னைக் குற்றாலநாதர் பார்த்துக்கொள்வார். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் பேனா. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

நான் செய்த ஆம்ப்ளிபயரை நீ போன பிறகு தொடவே இல்லை. போன மாதம் எடுத்தேன். பாட்டுக்கு அடியில் அதே இரைச்சல். உள்ளே எரிகிற கண்ணாடி வால்வு இரண்டில் ஒன்று கரண்டைக் கூடுதலாக இழுத்தது. ரேடியோ ரிப்பேர் பீர் மைதீன் புளியறையிலிருந்து ஒரு டப்பா பழைய வால்வு கொண்டுவந்தான். மீட்டர் வைத்து அளந்து, ஒரே அளவு இழுக்கிற இரண்டைச் சேர்த்தேன். ரெக்டிபையர் வால்வையும் மாற்றினேன். இரைச்சல் போயேபோய்விட்டது.

நம் குழலி பாடின கேசட்டைப் போட்டேன். அவள் கண்மூடுவதற்கு ஐந்து நாள் முந்தி நான் பதிவு செய்தது. எட்டாவது தடவை பாடி முடித்ததும், மெல்ல, "போதும்ப்பா" என்கிறாள். அதன்மேல் ஏறி என் குரல்: "இன்னும் ஒரே தடவை."

பீர் மைதீனும் கேட்டான். "அண்ணாச்சி, பிள்ளை போதும்னு சொல்லுது. ஆஃப் பண்ணிருங்க" என்றான். நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு நான் ரெக்கார்டிங் மீட்டர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சொன்னது காதில் விழவில்லை. நீ வாசலில் நின்றாய். அவள் அப்படிச் சொன்னாளா லோகா?

கௌரிசங்கர்


குற்றாலம்
19.6.2025

குழலி அப்பாவுக்கு,

என் முழங்காலை விசாரிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

சொன்னாள். எனக்குக் கேட்டது. கிட்டே போய் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. என் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, அப்பா சொல்லுதாங்கல்லா, பாடிரு" என்றேன். காய்ச்சல் என்று உங்களிடம் சொல்லவில்லை. மறுநாள்தானே டாக்டரிடம் போனோம்.

உங்கள்மேல் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக ஊர் பேசியது. நீங்களும் நம்பினீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வீட்டில் மூலைக்கு மூலை நான் சொன்னதுதான் கேட்டது. ஐந்தருவிப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு வந்தது அதனால்தான். தண்ணீர் விழும் நாளில் ஒன்றும் கேட்காது. கோடையில் கேட்கும்.

இனிமேல் அந்தக் கேசட்டைப் போடாதீர்கள். அடுத்தது என் குரல்.

லோகநாயகி


தென்காசி
24.6.2025

லோகாவுக்கு,

போட்டுப் பார்த்துவிட்டேன். உன் குரல் அதில் இல்லை. என் பேச்சோடு டேப் முடிந்துவிடுகிறது. இனி அதை நினைத்து மருகாதே.

நீ காய்ச்சல் என்று சொல்லியிருந்தாலும் நான் பாடத்தான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ரெக்டிபையரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அது இல்லாமல் பெட்டி பேசாது. ஆனாலும் வாசலில் யாரோ நிற்கிறாற்போல் இருக்கிறது. பட்டப்பகலில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

கௌரிசங்கர்


குற்றாலம்
28.6.2025

குழலி அப்பாவுக்கு,

டேப் அங்கே முடியவில்லை. அதற்கப்புறம் ஒன்பதாவது தடவையும் முழுசாகப் பாடினாள். அதை நான் மறப்பேனா?

ஆக, எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். கேட்ட பிறகும் எனக்காக ஒரு பொய் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். ரெக்டிபையரைத் திரும்ப மாட்டி வையுங்கள். நாம் மூன்று பேரும் சேர்ந்து பேசினது வேறு எந்தக் கேசட்டிலும் இல்லை.

லோகா