கால் மட்டும் வந்த வீடு

என் அன்புக்கு உரியவளுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஊர்ந்துபோய், வெயில் வீட்டுக்குள் இறங்காதபடி பஞ்சுப் பாளம் விரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேனே. அங்கே மரச்சட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும். நேற்று, நானே விரித்த பஞ்சு சட்டத்தை மறைத்துவிட, சீலிங்கை மிதித்துவிட்டேன். அது உடைந்து, கால் தொடைவரை கீழே இறங்கிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்கார அம்மாள் அண்ணாந்து பார்த்து, "கால் மட்டும் வந்திருக்கு, ஆள் எப்ப வருவாரு?" என்று கேட்டார். சிடுமூஞ்சி மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார். வெறும் சிராய்ப்புதான், மருந்து போட்டாயிற்று.

இன்னொன்று. வெயில் ஏறினால்தான் எல்லோருக்கும் கூரை ஞாபகம் வருகிறது. அதனால் இப்போது லீவு கிடையாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். பாப்பாவை முதல் நாள் பள்ளியில் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று பெரிதாகச் சொல்லிவைத்தேன்.

மத்தியானத்தில் நம் தகரக் கூரை அறையில் அவளைத் தூங்கவைக்காதே. ஊரார் வீட்டையெல்லாம் குளுகுளுவென்று ஆக்குகிறேன், நம் கூரைக்கு ஒரு பிடி பஞ்சு வைக்க முடியவில்லை. சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வை. பேச வேண்டாம், உங்கள் சத்தம் கேட்டால் போதும்.

வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். அந்த அம்மாளிடம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பாப்பாவும் அதையே, ஆள் எப்ப வருவாரு என்று கேட்டால், நீயே ஏதாவது சொல்லிவை.

உன் வீட்டுக்காரன்