அப்பப்பாவின் கண்ணாடித் தகடுகள்

வைகாசி 6, செவ்வாய்
கச்சான் காற்று. கண்ணெல்லாம் புழுதி. அளவெட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே யாழ்ப்பாணம். பழைய படங்களின் கண்காட்சி. வாசலிலேயே ஆளுயரத்துக்குப் பெருப்பித்த படம்: அந்நாளில் நீதிமன்றத்தை ஆட்டிவைத்த வக்கீல், பிரக்கிராசி ஒருவரும் மனைவியும். என் அப்பப்பா எடுத்தது. கீழே, "எடுத்தவர் பெயர் தெரியவில்லை."

யாருக்குத் தெரியவில்லை? நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்த பெரிய இடமெல்லாம் அப்பப்பாவின் கமராப் பெட்டிக்கு முன்னால்தான் மூச்சடக்கி இருந்தது.

கண்காட்சிக்குப் பொறுப்பான பிள்ளை, விரிவுரையாளர், மரியாதையாகத்தான் கேட்டாள். "ஐயா, ஆதாரம் ஏதும் இருக்கே? அவர் படம் பிடிச்ச கண்ணாடித் தகடுகள்?"

"இடப்பெயர்விலை எல்லாம் போயிட்டுது."

முப்பது வருடமாகச் சொல்லும் பதில். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வைகாசி 7
இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் படலைக்கும் எத்தனை நடை. மாத்திரை மறந்தது.

நேற்றைய படத்தில், அந்த அம்மாவின் சேலைக்குப் பின்னால் கழுத்துத் தாங்கியின் அடி தெரிகிறது. ஆட்கள் அசையாமலிருக்க அப்பப்பா வைத்த இரும்பு. மூன்று காலில் ஒன்று முறிந்தது, தேங்காய்ச் சிரட்டை முட்டுக்கொடுத்திருப்பார். வேறு எவன் சிரட்டை வைப்பான்? அந்தப் பிள்ளைக்குப் போனில் சொன்னேன்.

"சிரட்டை தெரியுது ஐயா. அது உங்கடை அப்பப்பான்ரை எண்டு எப்பிடிக் காட்டுறது?"

நியாயம்தான். போனை வைத்தேன்.

வைகாசி 9, வெள்ளி
சாமியறை முருகன் படத்தை இறக்கினேன். படங்களுக்குச் சட்டம் போட நானாகப் பழகிய காலத்தில் நான் போட்ட முதல் படம்.

என் மனைவி: "விளக்கு வைக்கிற நேரம். சாமிக்குக் காத்துப் பிடிக்கவோ கழட்டுறியள்?"

நாலு ஆணி. கண்ணாடியின் அடி ஓரத்தில் ஒரு விரலகலம் கறுப்பு. சட்டத்துக்குள் மறையும் என்று அன்று தேய்க்காமல் விட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்தேன். யாரோ ஒருத்தியின் சேலைக் கரை. தாங்கியின் கால். சிரட்டை.

வைகாசி 12
கண்ணாடியை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது ஒண்டுதான் தப்பினது."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "உதே சிரட்டைதான் ஐயா."

பெயர் போடுகிறார்களாம். திரும்பும்போது பஸ்ஸில் இருக்க இடம்.
வாங்க வேண்டியது: முருகனுக்குப் புதுக் கண்ணாடி. சின்ன ஆணி. கற்பூரம்.

வைகாசி 14
கண்காட்சியில், படத்தடியில் புது அட்டை. அப்பப்பாவின் முழுப்பெயர், எழுத்துப் பிழையில்லை. கீழே இன்னொரு வரி: "இவரது தகடுகள் போரில் அழிந்தன."

பார்க்க வந்த ஒரு அம்மா அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "எத்தினை முகங்கள் ஐயா, அநியாயம்."

கையை இழுத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறு தகடு. சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புப் போகத் தேங்காய்த் தும்பால் தேய்த்தது. சாமிப் படங்களுக்குப் போட அலையில்லாத நல்ல கண்ணாடி. பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி, எல்லாம் விற்றது. அப்போது போர் தொடங்கவேயில்லை.

"கடைசி வரியை எடு பிள்ளை."

"ஏன் ஐயா? நீங்கள்தானே சொன்னியள்?"

"பிழை. கழுவினது எண்டு போடு."

"ஆர் ஐயா கழுவினது?"

பேனையை வாங்கி, என் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.