சாரல் நாளில் தூங்கும் டிஸ்க்

மச்சான்,

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு என் கடை மாடியறையில் உம் பெட்டிக்குள் தூங்கிய டிஸ்க் விழித்துக்கொண்டது. முதலில் ஒரு ‘டிக்’. பிறகு வண்டு பறப்பதுபோல் ஒரு முனகல். அதைக் கேட்டதும் அண்டசராசரமும் ஒரு கணம் அசையாமல் நின்றது. சரி, நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்த அடுப்பை நான் அணைத்தேன், அவ்வளவுதான். வெளியே சாரல். குற்றாலத்துக் காற்றில் தேங்காயெண்ணெய் வாசம் ஈரத்தோடு கலந்து வந்தபோது, நீர் பக்கத்தில் நின்று வானத்தைத் திட்டுவதுபோலவே இருந்தது.

சாரலைத் திட்டிய ஒரே மனிதர் இப்பூவுலகில் நீர்தான். சாரல் விழுந்தால் அருவிக்குக் கூட்டம் வரும். என் சிப்ஸ் மலைமலையாக விற்கும். ஆகவே நான் சாரல் கேட்பேன். மேலகரத்தில் உம் வீட்டு மாடியிலோ சோலார் தகடு. நீர் வெயில் கேட்பீர். இந்த இரண்டு மனுக்களையும் கையில் வைத்துக்கொண்டு மேலே இருப்பவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஷார்ஜாவில் மின்வேலை பார்த்த காலமெல்லாம் உம் மகள் வளர்ந்ததை நீர் வீடியோவில்தான் பார்த்தீர். ஏதோ ஓர் இணையக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோக, அதில் கிடந்த அவளுடைய சின்ன வயது திரும்பக் கிடைக்கவேயில்லை. ஊருக்கு வந்ததும், மிச்சமிருப்பதையாவது சொந்த வீட்டில், சொந்த வெயிலில் காப்பாற்றுவேன் என்று கிளம்பினீர். சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இரவும் பகலும் ஓட வேண்டும். மகள் எங்கிருந்து கேட்டாலும் படம் காட்ட வேண்டும்.

எதில் சேமிப்பது என்று நீர் தேர்ந்தெடுத்த அழகை என்னவென்று சொல்வேன்! பெண் பார்க்க வந்தவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒவ்வொன்றையும் மீட்டரில் மாட்டி, எவ்வளவு கரண்டு தின்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பீர். மெமரி கார்டு தின்பதே தெரியாது. ஆனால் ஓயாமல் எழுத வைத்தால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும் என்று ஒதுக்கினீர். நான் சும்மா இருப்பேனா?

“மச்சான், நாலு டிஸ்க் போடுத பெட்டி ஆஃபர்ல கெடக்கு. வாங்கிப் போடும். ஏழு தலைமுறைக்குத் தாங்கும்.”

“தலைமுறைக்குத் தாங்கும்வே. பேட்டரி விடியுத வரைக்கும் தாங்குமா? நாலும் ஒண்ணா எந்திரிச்சு சுத்துனா, மாடியில இருக்க தகடு எனக்கு வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துரும்.”

கடைசியில், சுழலாத எஸ்.எஸ்.டி ஒன்றை எந்நேரமும் விழித்திருக்க வைத்தீர். படமெல்லாம் அதில். நகல் வைக்க மட்டும் லேப்டாப்பில் போடும் சின்ன டிஸ்க் ஒன்று. அது நாள் முழுக்கத் தூங்கும். உச்சிப் பொழுதில் எழுந்து, புதிதாக வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி படுத்துவிடும். ஒரு மாமன்னரின் அந்தப்புரத்தில்கூட இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்காது.

என்னால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. சத்தமே இல்லையே, உயிரோடு இருக்கிறதா என்று வருகிற போதெல்லாம் அதைத் திறந்து பார்ப்பேன். திறந்தால் விழித்துக்கொள்ளும். சாரல் நாளில் சேர்த்த துளி கரண்டையும் குடித்துவிடும். ஒருநாள் உமக்குப் பொறுமை போனது.

“தூங்குத பிள்ளைய எழுப்பி, ‘தூங்குதியா’ன்னு கேக்கீரே, நீரெல்லாம் மனுசனாவே?”

நீர் கேட்ட வெயில் எல்லாம் கொட்டிக் காய்ந்த பங்குனியில் போய்விட்டீர். கல்யாணமாகி ஷார்ஜாவில் குடியிருக்கும் மகள் அம்மாவையும் தன்னோடு கூட்டிப் போனாள். தகடும் பேட்டரியும் பெட்டியும் என் மாடிக்கு வந்தன. நீர் இல்லாத முதல் சாரல் இது. இந்த வாரம் வெயில் தலைகாட்டவேயில்லை. பேட்டரி விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டது.

இன்று காலையில் உம் மகள் கூப்பிட்டாள். “மாமா, சாயந்திரம் பிள்ளைக்கு மொதப் பொறந்தநாளு. அத்தா கொரல அவனுக்குக் கேக்க வைக்கணும். பெட்டி தாங்குமா?”

“தாங்குமாவா? ஏட்டி, பிரளயமே வந்தாலும் தாங்கும்!” என்று முழங்கிவிட்டேன். போனை வைத்ததும் மஞ்சள் விளக்கு ஞாபகம் வந்தது. மாடியேறினேன். பெட்டிமுன் உட்கார்ந்தேன். நகல் டிஸ்க்கைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்க்கக் கை பரபரத்தது. விளக்கு மஞ்சளாகவே முறைத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன் மச்சான். உலகப் போர்களில் இதற்கு இணையான வீரம் பதிவானதில்லை.

சாயங்காலம் அவள் போன் வந்தது. “ஓடுது மாமா, கேளுங்க!” பெட்டியை மாட்டிய அன்று அவள் எடுத்த வீடியோ. நூறு இரைச்சலுக்கு நடுவே உம் குரல்: “வேய், கைய எடும்வே! அது தூங்குது!” பேரன் கெக்கலித்துச் சிரித்தான். அடுப்படியில் நின்ற நான் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

நீர் அடங்கியிருக்கும் மையவாடியைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன். உள்ளே வந்து, “மச்சான், தூங்குதீரா?” என்று ஒரு குரல் கொடுக்க நாக்கு துடிக்கும். கொடுப்பதில்லை. அந்த மதில் முடிகிற வரைக்கும் சைக்கிள் பெல்லைக்கூட அடிப்பதில்லை.