அந்த இலக்கத்திலிருந்தே அழைக்கவும்

14 நவம்பர், வெள்ளி

காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி முறிவு. பல்வலி மாத்திரை வாங்க மறதி.

பவானியின் தம்பி, என் மைத்துனன் ரவீந்திரனைக் கொட்டாஞ்சேனையில் சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள். இரும்புக்கடையில் கணக்கு வேலை முடிந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. கையிலிருந்த போன் அவனுடையதுதான் என்று காட்டும் தொலைபேசிக் கம்பனிக் கடிதம் மட்டும் இல்லை. இப்போது அதையும் கொண்டு திரிய வேண்டுமாம். கம்பனி அதை அவனுக்கு அனுப்பவேயில்லை.

நிலையத்தில் எஸ்.ஐ. சொன்னது: இலக்கம் இவன் பெயரில் என்று கம்பனி சொல்லவேண்டும். திங்கள் காலைக்குள். இல்லாவிட்டால் மேலிடத்துக்கு மாற்றம். மேலிடம் போனவர்களைப் பற்றி நிறையச் செய்தி எழுதியிருக்கிறேன். திரும்பி வந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

வீட்டிலிருந்து கம்பனிக்கு எடுத்தேன். தமிழுக்கு மூன்று. மூன்றை அழுத்தினால் சிங்களப் பாட்டு. பிறகு ஒரு பெண்குரல்.

“உங்களுக்கு எவ்வாறு உதவலாம், சேர்?”

விஷயத்தைச் சொன்னேன்.

“இலக்கத்தின் உரித்தாளர் அந்த இலக்கத்திலிருந்தே அழைக்கவேண்டும், சேர்.”

“அந்த போன் பொலிஸிட்ட. ஆள் கூண்டுக்குள்ள.”

“உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். வேறு ஏதாவது உதவி தேவையா?”

“இந்த உதவியே இன்னும் செய்யேல்லையே, பிள்ளை.”

“அழைத்தமைக்கு நன்றி, சேர்.”

15, சனி

தூறல். பாண், மாத்திரை, டோர்ச் பற்றரி.

கம்பனிக் கிளைக்கு நேரே போய்ப் பார்த்தேன். உரித்தாளர் தான் வரவேண்டுமாம், அடையாள அட்டையுடன். திரும்பி வந்து மறுபடி தொலைபேசி. இம்முறை ஆண்குரல், அதே வசனங்கள், அதே இடத்தில் மூச்சு.

“சேர், சத்தம் போட்டால் அழைப்பைத் துண்டிக்க நேரிடும்.”

“நேரிடட்டும். முதல்ல உன்ர பேரைச் சொல்லு.”

துண்டித்துவிட்டான்.

அமைச்சர்களின் செயலாளர்களோடு மல்லுக்கட்டியே என் காலம் போனது. பொய் சொல்லுமுன் அவர்களுக்கு ஒரு செருமல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடலாம். இதுகளுக்குச் செருமலே இல்லை.

பின்னேரம் இன்னொரு பெண். நான் கத்தத் தொடங்க, மெதுவாக, “அங்கிள், கதைக்கிறதெல்லாம் பதிவாகுது” என்றாள். உடனே ஒப்புவிக்கும் குரல்: “அந்த இலக்கத்திலிருந்து அழைக்கும் எவரும் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தாயாரின் பெயர் மூன்றையும் சரியாகச் சொன்னால் அவரே உரித்தாளராகக் கருதப்படுவார்.”

போன் பொலிஸில் என்றேன். அதே வசனம் மறுபடி, இன்னும் ஆறுதலாக. கிளிப்பிள்ளை என்று ஏசிவிட்டு ரிசீவரை அடித்து வைத்தேன்.

பவானி: “இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை என்ன சொன்னது?”

சொன்னேன்.

“எவரும் எண்டு சொன்னவளோ? அவள் உங்களுக்கு வழி சொல்லித் தந்திருக்கிறாள். பொலிஸ்காரனையே எடுக்கச் சொல்லுங்கோ. ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிஞ்ச மனுஷன்!”

16, ஞாயிறு

மழை விட்டிருந்தது. நிலையத்துக்குப் பவானியும் நானும். பத்திரிகையாளர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டேன். இந்த மாதங்களில் அதைக் காட்டினால் எனக்கும் ஒரு கூண்டு.

நீங்களே எடுத்துக் கேளுங்கள் என்றதும் எஸ்.ஐ. முதலில் சிரித்தார். பிறகு, விளையாட்டுப் போல, மேசையிலிருந்த ரவியின் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சிங்களத்தில். மறுபடி பாட்டு. அவருடைய கழுத்து சிவந்துகொண்டு வந்தது. கம்பனிக்காரனின் தாயை இழுத்து ஒரு வார்த்தை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்று.

கடைசியில் குரல் வந்தது. யார் பேசுவது என்று கேட்டது.

எஸ்.ஐ. எங்களைச் சுற்றிப் பார்த்தார். “மம ரவீந்திரன்,” என்றார். நான்தான் ரவீந்திரன் என்று, சிங்களத்தில்.

சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டார். பிறந்த திகதி, அட்டை இலக்கம் இரண்டையும் எஸ்.ஐ. ரவியின் அட்டையைப் பார்த்தே வாசித்தார். தாயின் பெயர்? சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த ரவி நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். எஸ்.ஐ.க்கு நாக்கில் நிற்கவில்லை. ரவி உடைத்து உடைத்துச் சொன்னான்: “நா, கேஸ், வரி.”

“மகே அம்மா நாகேஸ்வரி,” என்றார் எஸ்.ஐ. தன்னுடைய அம்மாவாம்.

பவானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இலக்கம் உங்கள் பெயரில்தான், நன்றி ரவீந்திரன் மாத்தயா என்றது போன்.

ஆளை விட்டார்கள். அட்டையும் போனும் விசாரணை முடியும்வரை அவர்களிடம். அதற்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். ரவி வீட்டுக்கு வந்து நெடுநேரம் குளித்தான்.

17, திங்கள்

வெயில். குடையைத் திருத்தக் கொடுக்கவேண்டும்.

கடை முதலாளி எங்கள் வீட்டுப் போனுக்கு எடுத்து ரவியைக் கேட்டார். ரவியின் இலக்கத்திலிருந்து ஒருவன், தான் ரவீந்திரன் என்று சிங்களத்தில் சொல்லிக் கம்பி விலை கேட்டானாம். பின்னால் பலர் சிரித்த சத்தமாம். “இனி யார் யாருக்கு எடுப்பாங்களோ, அத்தான்,” என்றான் ரவி. உடனே இலக்கத்தை வெட்டச் சொல்லு என்றேன்.

எங்கள் போனிலிருந்து எடுத்தான். நானும் ரிசீவரில் காது வைத்தேன்.

“இலக்கத்தின் உரித்தாளர் அந்த இலக்கத்திலிருந்தே அழைக்கவேண்டும், சேர்.”

“தங்கச்சி, நான்தான் உரித்தாளர். ரவீந்திரன்.”

விசைப்பலகை தட்டும் சத்தம்.

“உரித்தாளர் நேற்று அழைத்துத் தன்னை உறுதிப்படுத்தியிருக்கிறார், சேர். நீங்கள் யார்?”

ரவி ரிசீவரை என்னிடம் நீட்டினான்.