சுவர் வெடிப்பும் சின்னக் கமராவும்

என் கூடப்பிறந்த தவமணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் நலம் கேட்டு, நானும் நலம் என்று எழுதினால் இரண்டுமே பொய்யாகிவிடும். இன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பளை ஸ்டேஷன் ரோட்டில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. நான் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் இரண்டு கமராக்கள். ஒன்று நீ கேட்டு நான் தராதது. மற்றது நீ கேட்காமலே உன் தலையில் நான் கட்டியது.

அடுத்த மாதம் நீ போய் ஒரு வருஷம் முடிகிறது. நினைவஞ்சலித் துண்டு அடிக்க வேண்டும், நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று உன் புருஷன் ரவி மச்சான் கேட்டார். ஊரில் எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன்! அன்பின் உருவே, குணக்குன்றே எல்லாம் கம்பியூட்டரில் தயாராக இருக்கின்றன, பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். உனக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தையே அடித்துக் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும், மச்சானும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நீ இருந்தது தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். மழைக்காலத்தில் உன் வீட்டுப் பின்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதற்குப் பின்னால் மண்மேடு. வெடிப்பு பெருக்கிறது, எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னாய். அங்கே இருந்த அதிகாரி, "போன்ல எடுத்தது எல்லாம் பைலுக்குப் பாரம் எடுக்க ஏலாது. திகதி விழுந்த போட்டோ கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நீ பஸ் ஏறி நேராக அண்ணன் கடைக்கு வந்தாய். கமரா திருத்தும் அண்ணன் இருக்கும்போது உனக்கு என்ன குறை?

"அண்ணே, அந்தப் பெருச ரெண்டு நாளைக்குத் தர்றியா?" என்று என் புதுக் கமராவை, அந்த மிரர்லெஸ்ஸைக் காட்டினாய். அப்போது நான் அதை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கண்டிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்து வாங்கியது. தூசு படக் கூடாது என்று துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

"இது என்னான்னு தெரியுமா ஒனக்கு? இதுல ஒரு கீறு விழுந்தா என் பொழப்பே போச்சு. செவுத்து வெடிப்ப எடுக்க இது எதுக்குடி? வெடிப்பு என்னா கல்யாணப் பொண்ணா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு அன்றைக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

மேசை லாச்சியைத் திறந்து, யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத சின்னக் கொம்பக்ட் கமராவை எடுத்துத் தந்தேன். படம் நன்றாகத்தான் விழும். ஒரே ஒரு குறை, அதன் உள்ளே மணிக்கூட்டுக்கென்று இருக்கும் குட்டி பெட்டரி செத்துவிட்டது. பெரிய பெட்டரி உள்ளே இருக்கும் வரைக்கும் நாளும் நேரமும் சரியாக ஓடும். அதைக் கழற்றினால் எல்லாம் மறந்து, அந்தக் கமரா செய்த வருஷத்து ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும். அன்றைய திகதியைச் சரியாக வைத்து, அது படத்தில் விழும்படியும் செய்துதான் உன் கையில் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தினேனா? நீ படி இறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னேன். "படம் எடுக்காத நேரம் பெட்டரியக் கழட்டிப் பேப்பர்ல சுத்தி வைய்யி. இல்லாட்டி எறங்கிப் போயிரும்."

நம் அப்பா டோர்ச்சுக்கும் ரேடியோவுக்கும் அதைத்தான் செய்வார். லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், பெட்டரியை உள்ளே விட்டுவைத்தால் அடிதான் விழும். கமரா திருத்தப்படும் என்று போர்ட் போட்டு உட்கார்ந்திருப்பவன் வாயிலும் அந்த நேரம் அதுவே வந்தது. உள்ளே மணிக்கூடு செத்த கமரா என்று தெரிந்த அதே ஆள், பெட்டரியைக் கழற்றச் சொன்னேன். நீ அண்ணன் சொல்லைத் தட்டவில்லை, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கழற்றி வைத்திருக்கிறாய்.

படங்களைப் பிரிண்ட் போடும்போதாவது பார்த்தேனா? மிஷினில் கொடுத்துவிட்டு, வந்த படங்களை உறையில் போட்டு நீட்டினேன். நீ கொண்டுபோன படம் ஒவ்வொன்றிலும் மூலையில் மஞ்சளாக ஜனவரி முதலாம் திகதி, அதுவும் எந்தக் காலத்து வருஷமோ. அந்த அதிகாரி பார்த்துவிட்டு மேசையில் தட்டினாராம். "இது பழைய போட்டோ தானே. அந்த நாள்ல வெடிச்ச சுவரு இவ்வளவு காலம் விழல்ல. இனி ஏன் விழுது?"

நீ முகம் சிவக்க என்னிடம் வந்தாய். "அண்ணே, இதுல திகதி தப்பா விழுது." கடை நிறையச் சனம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் நேரம். "பெட்டரியப் போடுற நேரமெல்லாம் திகதிய மாத்தணும், இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். நாலு பட்டனை மளமளவென்று அமர்த்திக் காட்டினேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். விளங்கினதா என்று நான் கேட்கவில்லை, விளங்கவில்லை என்று நீயும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகு யார் கேட்பார்கள்?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் எடுத்தாய். "அண்ணே, புதுசா பத்துப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இந்தத் தடவ அவரு ஒண்ணும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, வர்றேன், பிரிண்ட் போட்டுக் குடுத்துரு."

"ஞாயித்துக்கெழம கட பூட்டு. கண்டியில கல்யாணம் ஒண்ணு இருக்கு. திங்கக்கெழம வா" என்றேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாய்.

ஞாயிறு மத்தியானம் மேடு சரிந்தது. இரண்டு வீடு போனது. ஒன்றில் ஆள் இல்லை. மற்றதில் நீ இருந்தாய். மச்சான் சாமான் வாங்க டவுனுக்கு வந்திருந்தார். நான் கண்டியில் மண்டபத்துக்குள், பொண்ணு மாப்பிள்ளை தலையில் அரிசி விழுவதை மிரர்லெஸ்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி அருமையாக வந்த படம் அது. போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன்.

உன் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்தியது யார் தெரியுமா? நான்தான். "எந் தங்கச்சியக் கொன்னுட்டீங்களே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சனம் என்னைப் பிடித்துக்கொண்டது. அண்ணன்காரன் துடிக்கிறான் என்று அழுதார்கள். அந்த அதிகாரி செய்தது அநியாயம்தான், அதை நான் இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அத்தனை சத்தம் போட்டது, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்றுதான். திங்கட்கிழமை வா என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம்கூட.

ஒரு மாதம் கழித்து மச்சான் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மண்ணுக்குள் இருந்து அலுமாரியை எடுத்தார்களாம், அதற்குள் டின் நசுங்காமல் இருந்ததாம். "ஒங்க கெமரா மச்சான், வச்சுக்கங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். திறந்தேன். கமரா துணியில் சுற்றியபடி இருந்தது. பக்கத்தில் பெட்டரி தனியாக, பேப்பரில் மடித்து, ரப்பர் போட்டு.

நான் சொன்னபடியே செய்திருந்தாய். எப்படித் தாங்குவது, சொல்லு?

கார்டைப் போட்டுப் பார்த்தேன். பத்துப் படம். பத்திலும் மூலையில் அதே ஜனவரி முதலாம் திகதி. ஆனால் ஒவ்வொன்றிலும் வெடிப்புக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, வீட்டு நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தாய். நகைக்கடை கொடுத்த முருகன் படம் போட்ட, தினம் ஒரு தாள் கிழிக்கிற நாட்காட்டி. வெடிப்பின் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பிடித்திருந்தாய். முதல் நாள் படத்தில் தீப்பெட்டி உள்ளே போகவில்லை. ஐந்தாம் நாள் படத்தில் ஒல்லிப் பக்கமாக நுழைகிறது. கடைசிப் படத்தில் அகலப் பக்கமாகவே போய்விட்டது, உன் இரண்டு விரல் மட்டும் வெளியே தெரிகிறது. அந்தப் படத்தில் நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைத் தாள்.

அண்ணன் கொடுத்த கமரா பொய் சொல்கிறது என்று தெரிந்து, அண்ணனைத் திரும்பக் கேட்காமல், நீயாக வழி கண்டுபிடித்திருக்கிறாய். நான் இத்தனை வருஷம் தொழில் செய்கிறேன், எனக்கு இந்த யோசனை வரவில்லையே.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மேல் லயத்தில் இன்னும் பதினான்கு குடும்பம் இருக்கிறது. அங்கேயும் சுவர் வெடித்துவிட்டது. போன கிழமை பாக்கியம் அக்கா கடைக்கு வந்தாள், உன்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள். "தம்பி, நீங்களே வந்து எடுத்துக் குடுங்க. எங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். இரவில் எல்லோரும் கோயில் மண்டபத்தில் படுக்கிறார்களாம். பகலில் சமைக்கவும் குளிக்கவும் லயத்துக்குத்தான் போக வேண்டும்.

போனேன். மிரர்லெஸ்ஸோடுதான் போனேன், உனக்குத் தராததை ஊருக்கு எடுத்துக்கொண்டு. சுண்ணாம்புத் தூள்கூடத் தெரிகிற மாதிரி முப்பது படம். திகதி, நேரம் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மச்சானையும் பாக்கியம் அக்காவையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை ஆபீசுக்குப் போனேன். அதே அதிகாரி. ஒவ்வொரு படமாக எடுத்து, தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ஆ, நல்ல கிளியர். என்ன கெமரா இது? நீங்க வெடிங்கும் எடுக்கிறதா? எங்கட மகளுக்கும் இந்த வருஷம் கல்யாணம் இருக்கு."

தவமணி, ஒரு நிமிஷம் என் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன? தொழில் புத்தி அப்படி. அடுத்த நிமிஷம் பாக்கியம் அக்கா முகத்தைப் பார்த்தேன்.

அவர் படங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "படம் நல்லம். ஆனா எல்லா லயத்திலயும் வெடிப்பு இருக்குது தானே. இது பெருக்குதுன்னு எப்படி மேல எழுதுறது? வேற ஏதாவது இருந்தா திங்கக்கெழம கொண்டு வாங்க."

திங்கக்கெழம கொண்டு வாங்க. அவருடைய சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். கை எழும்பவில்லை. அந்த வார்த்தையை உன்னிடம் சொன்ன வாய் என்னுடையது.

வெளியே வந்ததும் பாக்கியம் அக்கா கேட்டாள். "தவமணி கலண்டர வச்சு எடுத்திச்சே, தீப்பெட்டி எல்லாம் வச்சு. நாங்ககூடச் சிரிச்சோம். அது இல்லையா தம்பி?"

"கார்டு பழுதாப் போச்சுக்கா" என்றேன். மச்சான் பக்கத்தில் நின்றார்.

நான்கு நாளாக இந்த இரண்டு கமராக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கைக்காரர் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பேன், பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசை எடுங்கள் என்று. புதுசில் என் பேருக்கு ஒரு குறையும் இல்லை, கல்யாண ஓடர்கூட வருகிறது. ஆனால் அது இன்றைய வெடிப்பை மட்டும்தான் காட்டும். வெடிப்பு எப்படி நடந்து போனது, எத்தனை நாளில் வீட்டைத் தள்ளியது என்பது உன் சின்னக் கமராவில்தான் இருக்கிறது. அதே மேடு, அதே மண். நேற்றுப் போய்த் தீப்பெட்டி வைத்துப் பார்த்தேன். மேல் லயத்து வெடிப்பு இப்போது உன் நாலாவது படத்தில் நிற்கிறது.

உன் படங்களை மேசையில் வைத்தால் அவர் நாட்காட்டியைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமைத் தாளைப் பார்ப்பார். சரிந்தது ஞாயிறு என்பது அவருக்கு மறந்திருக்காது. "இத ஏன் அன்னைக்கே கொண்டு வரல்ல?" என்று கேட்பார். நான் பயந்து கிடப்பது அந்தக் கேள்விக்குத்தான். அதைக் கேட்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்பார், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

உன் பத்துப் படத்தையும் இப்போதுதான் பிரிண்ட் போட்டு எடுத்தேன். ஒரு வருஷம் பிந்திவிட்டது. தாள் இன்னும் சூடாக இருக்கிறது. சின்னக் கமராவையும் டின்னோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

தவமணி, இது உனக்கு நான் தரும் வாக்கு. நாளைக்கு அந்தக் கேள்வி வந்தால் தலையைக் குனிந்து கொண்டிருக்க மாட்டேன், கார்டு பழுது என்றும் சொல்ல மாட்டேன். அவள் வெள்ளிக்கிழமையே கேட்டாள், கடை பூட்டு, திங்கட்கிழமை வா என்று சொன்னவன் நான்தான் என்று மச்சான் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன். பதினான்கு குடும்பத்தையும் வேறு இடத்துக்கு மாற்ற ஆள் அனுப்புகிறேன் என்று அந்த அதிகாரி எழுத்தில் தரும் வரைக்கும் அந்த மேசையை விட்டு எழும்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது கடையைத் திறந்து வைத்திருக்கும்
உன் அண்ணன்