கேட்குதுன்னா ஒரு தே சொல்லு

என் பிரியமுள்ள சந்திரன் மச்சானுக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைக் கேட்காமல் நீ எழுந்து போய்விடுவாய். உயிரோடு இருந்த காலத்திலும் உன் வழக்கம் அதுதான். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து கேள்.

உன் மகள் ஷாமினி இப்போது கிள்ளானில் எங்களோடுதான் இருக்கிறாள். நீ போன பிறகு பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று உன் தங்கை தனம் ஒற்றைக் காலில் நின்று அழைத்து வந்துவிட்டாள். தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறாள். தாயில்லாத பிள்ளைக்கு நீ ஒருவனே அப்பாவும் அம்மாவுமாக இருந்தாய். அந்த ஒருவன் செய்த வேலையை இப்போது நானும் தனமும் இரண்டு பேராகச் சேர்ந்து தட்டுத்தடுமாறிச் செய்துகொண்டிருக்கிறோம்.

உன் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைச் சுற்றி ஓடுகிற கலர் பல்பு மாலை ஒன்றைத் தனம் கடைத்தெருவில் தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். அதற்கு ஒரு சின்ன கறுப்புப் பெட்டி, ஒரு ரிமோட். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரியும். வாழ்நாள் முழுக்கச் சாம்பல் நிறச் சட்டையைத் தவிர வேறொன்றும் போடாத மனிதன் இப்படி ஜொலிப்பாய் என்று யார் நினைத்தார்கள்? சிரிக்காதே. ஆண்டுத் திதி முடிகிற வரைக்கும் அண்ணன் படத்து விளக்கு அணையவே கூடாது என்று தனம் வைராக்கியமாக இருக்கிறாள். துடைக்கும்போதுகூட அதை அணைக்க மாட்டாள்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் காதுக் கதை அதில்தான் வந்து மாட்டிக்கொண்டது.

துறைமுகப் பட்டறையில் இரும்புச் சத்தம் என் காதைத் தின்றது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு நான் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தேன். போனாலும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். வேலுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்குக் காது கேட்கவில்லை என்பதை நீ ஒருவன்தான் கண்டுகொண்டாய். எப்படிக் கண்டுகொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். “உன்னைக் கிண்டல் பண்ணா திருப்பிக் கிண்டல் பண்ண மாட்டேங்கிறியே, மாப்பிள்ள” என்றாய். சாப்பிடப் போகலாம் என்று பொய் சொல்லி சுபாங் ஜெயாவுக்கு அழைத்துப் போய், காது பரிசோதிக்கும் இடத்தில் என்னை உட்கார வைத்தாய். அந்தப் பொய்க்கு நான் இன்றுவரை உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அங்கே எனக்கு மாட்டிவிட்ட காதுக் கருவியை மடிக்கணினியோடு புளூடூத்தில் சேர்த்துவிட்டால், வீடியோவில் பேசுகிறவர் குரல் நேராகக் காதுக்குள் வரும் என்று கண்டுபிடித்ததும் நீதான். கண்டுபிடித்தாயே தவிர, உனக்கும் அதில் என்னளவுதான் ஞானம். உன்னிடம் இருந்தது ஒரே வைத்தியம். பட்டியலிலிருந்து கருவியை அழி, மடிக்கணினியை அணைத்துப் போடு, மறுபடி சேர். உன் போட்டோஸ்டாட் கடையில் எந்த மிஷின் படுத்தாலும் இதே வைத்தியம்தானே?

இணைப்பு அறுந்துபோகும் போதெல்லாம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்துவிடுவாய். “போன்லயே சொல்லியிருக்கலாமேண்ணே” என்று தனம் கேட்டால், “போன்ல சொன்னா அவனுக்குத்தான் கேட்காதே லா!” என்பாய். பிறகு வாசல் கேட் வரைக்கும் போய், உன் போனிலிருந்து என் மடிக்கணினிக்கு அழைப்பாய். எப்போதும் ஒரே வசனம். “மாப்பிள்ள, கேட்குதா? கேட்குதுன்னா தனத்த ஒரு தே கலக்கச் சொல்லு.” தேநீர் வந்தால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வருவாய். சில நாட்கள் எனக்குக் கேட்டும் கேட்காதது போல உட்கார்ந்திருப்பேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான். அது உனக்குத் தெரிந்திருக்குமோ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷாமினிக்கு ஒரு இடம் வந்தது. பையன் ஸ்ரீ கெம்பாங்கானில் வேலை செய்கிறான். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கம், பிடித்தும் இருக்கிறது. குடும்பம் சுங்கை பட்டாணியில். பையனின் அப்பா டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் என்பதால் உடனே கிளம்பி வர முடியாது. முதல் பேச்சை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு முறைப்படி வருகிறோம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் நீ என் காதோடு வாய் வைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? “பிள்ளையோட கல்யாணப் பேச்சுல நீதான் உட்காரணும்.” கருவி இல்லாமலே எனக்கு அது முழுதாகக் கேட்டது. அதனால் உட்காருவது நான்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உட்கார்ந்தால் போதுமா? கேட்க வேண்டாமா?

முன்கூட்டி ஒரு வணக்கம் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிறு அவர்களை அழைத்தோம். பேச்சு அண்ணன் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று தனம் உன் படத்துக்கு நேர் கீழே மேசை போட்டு மடிக்கணினியை வைத்தாள். முதல் வணக்கம் மட்டும் காதுக்கு வந்தது. அப்புறம் கர்ரென்று ஒரு சத்தம், நடுநடுவே ஒரு சொல், பிறகு வெறும் அமைதி. பையனின் அப்பா வாயசைப்பதைப் பார்த்து நானும் புன்னகையோடு தலையாட்டி, “ஆமாங்க, ரொம்ப சந்தோஷம்” என்றேன். திரையில் எல்லார் முகமும் மாறிவிட்டது. தனம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவர் கேட்டது, “பொண்ணோட அப்பா தவறிப்போனது திடீர்னு நடந்ததாமே?” என்று.

மச்சான், அன்று எனக்கு வந்த அவமானத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உன் சாவைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். தனம் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஷாமினி கோபித்துக்கொண்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறுதான் உண்மையான பேச்சு. அந்த வாரம் முழுக்க நானும் ஷாமினியும் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டினோம். மடிக்கணினியை அணைத்துப் போட்டோம். கருவியைச் சார்ஜில் வைத்து எடுத்தோம். மென்பொருளைப் புதுப்பித்தோம். கடைசியில் உன் வைத்தியத்துக்கே வந்து, பட்டியலில் இருந்த எல்லாப் பெயரையும் அழிக்கத் தொடங்கினாள். ‘அப்பா போன்’ என்ற பெயரில் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. “இது இருக்கட்டும் மாமா” என்றாள். “இருக்கட்டும்மா” என்றேன்.

ஒன்றும் பலிக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அறையில் வைத்துப் பார்த்தால் நன்றாகக் கேட்கும். கூடத்துக்குக் கொண்டுவந்து உன் காலடியில் வைத்தால் அறுந்துவிடும். அறையிலேயே பேசலாமே என்றால் தனம் சம்மதிக்கவில்லை. போனிலேயே பேசிவிடலாம் என்றால், “உள்ளங்கையிலயா சம்பந்தம் பேசுவாங்க?” என்றாள். ஹெட்போனை மேலே மாட்டினால் கருவி கீச்சென்று கத்துகிறது. “நான் பக்கத்துல உட்கார்ந்து அவங்க பேசுறத சொல்றேன் மாமா” என்றாள் ஷாமினி. தன் கல்யாணப் பேச்சைக் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து ஒப்பிப்பதா? தனம் சொல்வாள்தான். ஆனால் உன் தங்கையை உனக்குத் தெரியாதா, என்னிடம் சொல்வதற்கு முன்பே பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஏதோ ஒரு பழைய பாட்டை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல கர்ர், அமைதி, கர்ர். ஓர் இடி விழுந்தது. இடி விழுந்தால் எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் தானாகவே விழுந்துவிடும். காற்றாடி நின்றது, உன் பல்பு மாலையும் அணைந்தது. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஓடியது. பாட்டு என் காதுக்குள் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது.

எழுந்து போய் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். உன் முகத்தைச் சுற்றி சிவப்பு ஓடியது. பாட்டு அறுந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு வந்தது. மறுபடி சொருகினேன். போயிற்று. ஷாமினி வேலையிலிருந்து வந்ததும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ரிமோட் வேலை செய்யுற பெட்டி மாமா. இதுவும் புளூடூத்தும் ஒரே அலைவரிசைல கத்துது. பக்கத்துலயே இருக்கா, அதான் உங்க கருவியால தாக்குப்பிடிக்க முடியல.” கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் பார்த்தோம். தனத்திடம் யார் சொல்வது?

நான்தான் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்கண்ணன் உங்களுக்கு இடைஞ்சலாப் போயிட்டாரா?”

“உங்கண்ணன் இல்ல தனம். அந்தப் பெட்டி.”

“வருசம் முடியுற வரைக்கும் அணைய விடமாட்டேன்னு நான் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு நாள்கூட இருட்டுல விட்டதில்ல அவர.”

அவளை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? நீ எனக்கு மச்சான். அவளுக்கு நீ அண்ணன். சனிக்கிழமை முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. அறையில் உட்கார்ந்து பேசிவிடலாம், இல்லையென்றால் தெரிந்த அளவுக்குத் தலையாட்டிவிட்டு வரலாம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்த தனம், சாமி மேடையிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்து வந்தாள். உன் படத்துக்கு முன்னால் வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றினாள். சுடர் நிலைத்து நின்றதைப் பார்த்த பிறகுதான், தன் கையாலேயே அந்தப் பிளக்கைப் பிடுங்கினாள். “இது எரியட்டும். பேசி முடியுற வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிறேன்” என்றாள். என் கண் கலங்கிவிட்டது, மச்சான். சுடருக்காகக் காற்றாடியை நிறுத்திவிட்டாள். கிள்ளான் வெயிலில் பட்டுச் சட்டையோடு நான் தொப்பலாக நனைந்தது தனிக் கதை.

அழைக்கும் முன் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று ஷாமினி போனோடு வாசலுக்குப் போனாள். கேட் பக்கத்தில் நின்றாள். நீ நிற்கும் அதே இடம். என் காதுக்குள் அவள் குரல் வந்தது.

“மாமா, கேட்குதா? கேட்குதுன்னா அத்தைய ஒரு தே கலக்கச் சொல்லுங்க.”

அவள் இதையெல்லாம் கவனித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “தனம், ஒரு தே!” என்று கத்தினேன். தனம் திரும்பிப் பார்த்தாள், வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விளக்கப் பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தேநீரை எனக்குக் கொடுக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

பேச்சு நல்லபடியாக நடந்தது. சடங்கு, மண்டபம், எத்தனை பேர் வருவார்கள், எல்லாம் கேட்டது. பையனின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “மாமாக்காரர் ரொம்பப் பயந்த சுபாவம் போல, எப்படி வேர்க்குது பாருங்க” என்று மெல்லச் சொன்னதுகூடக் கேட்டது. முதல் காரியமாகப் போன வாரச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் காது கேட்காது, கருவியில்தான் கேட்கிறேன் என்று மறைக்காமல் சொன்னேன். பையனின் அப்பா கையைத் தூக்கி, “அதுக்கென்னண்ணே, என் ரத்தமே மிஷின்லதான் ஓடுது” என்றார். பிறகு கேட்டார். “பொண்ணோட அப்பாவ நாங்க பார்த்ததில்ல. எப்படிப்பட்டவருண்ணே?”

ஒரு சொல்லும் விடாமல் கேட்டது. என்ன சொல்வது என்று உன் படத்தை ஒரு முறை பார்த்தேன். “என் காது அறுந்துபோறப்பல்லாம் ரயிலேறி வந்து சேர்த்துட்டுப் போனவருங்க” என்றேன். கேட் கதையை, தேநீர்க் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். இந்த முறை அது என் கருவியின் அமைதி இல்லை. “அப்படிப்பட்டவர் வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும்ணே” என்றார் அவர்.

இதுதான் அந்த நல்ல சேதி. இனி நீ எழுந்து போகலாம்.

பேச்சு முடிந்ததும் தனம் பல்பு மாலையை மறுபடி போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. திரியைத் தூண்டிவிட்டு எண்ணெய் ஊற்றினாள். காலையிலும் மாலையிலும் உன் முன்னால் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் உன்னிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்கிறாள். எதையும் நம்பாதே.

ஒரு வாக்குத் தருகிறேன். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவர் வரலாம் என்று அழைக்கும்போது, உன் இடத்தில் நான் நிற்பேன். பேருக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். அவள் என்ன மெதுவாகச் சொன்னாலும் கேட்கிற மாதிரி நிற்பேன். அவள் புருசன் வீட்டில் என்றைக்காவது ஏதாவது அறுந்துபோனால், போனில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். ரயிலேறிப் போய் வாசலில் நிற்பேன். அந்தத் தேநீர் வருகிற வரைக்கும் திரும்ப மாட்டேன்.

கேட்குதா, மச்சான்?

உன் தங்கையைக் கட்டியவன், உன் மகளுக்கு மாமன், நீ காது கொடுத்த உன் மாப்பிள்ளை,
வேலு